எங்கள் ஆள் கிளம்பிவிட்டார்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நடந்தது என் நாத்தனாருக்கு. என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த தங்கை. சமையலறையில் என் எதிரே உட்கார்ந்து, கொடுத்த காபியைக் குடிக்காமல் ஆறவிட்டுவிட்டு, அவள் என்ன சொன்னாளோ அதைத்தான் சொல்கிறேன். ஒன்று கூட்டவுமில்லை, ஒன்று குறைக்கவுமில்லை.

வீட்டில் அவளுக்குக் கடுகு என்று பெயர். ஆள் சின்ன உருவம், கோபம் வந்தால் பொரிந்து தள்ளிவிடுவாள். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "அதுக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்டு வாயடைத்துவிடுவாள். அப்படிப்பட்டவள் இன்றைக்குப் போன் அடித்தால் நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிறாள். இதற்கெல்லாம் காரணம் என் வீட்டுக்காரர். அவர் இதைப் படிப்பார், படிக்கட்டும். நான் அவர் முகத்துக்கு நேரே சொல்லாத எதையும் இங்கே எழுதவில்லை.

எங்களுடையது லிப்ட் பழுதுபார்க்கும் தொழில். கம்பெனி என்று போர்டு போட்டிருக்கிறோமே தவிர, மொத்தமே மூன்று பேர்தான். முதலாளி என் வீட்டுக்காரர். மெக்கானிக் ஒருவர், அவரை எல்லோரும் ஸ்பானர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். போனையும் பில்லையும் வாடிக்கையாளர்களின் வசவையும் தாங்குவது கடுகு. ஆபீஸ் என்பது ஒரே ஓர் அறை, முதல் மாடியில். கீழே சலவைக் கடை. காலை முதல் இரவு வரை மெஷின் சுற்றுகிற அதிர்வில் எங்கள் மேஜையில் பேனா தானாக உருளும்.

சாயங்காலம் ஆபீஸைப் பூட்டினால் மறுநாள் காலைவரை போன் எடுக்க ஆள் கிடையாது. ஒருநாள் என் வீட்டுக்காரர், சிறுதொழில் செய்பவர்களுக்கு என்று யாரோ நடத்திய ஒருநாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். வரும்போதே முகத்தில் தேஜஸ். கையில் ஒரு வாய்ஸ்மெயில் மெஷின். யாராவது அழைத்து நாம் எடுக்காவிட்டால், நாம் முன்பே பதிந்து வைத்த குரல் அவர்களிடம் பேசும். பீப் என்று ஒரு சத்தம் வரும். பிறகு அவர்கள் சொல்வதை மெஷின் பதிந்துகொள்ளும். அவ்வளவுதான் விஷயம். அதற்கு அவர் எங்களை உட்காரவைத்து ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தார். பேச்சு சுருக்கமாக இருக்க வேண்டுமாம். கம்பெனி பெயரைத் தெளிவாகச் சொல்ல வேண்டுமாம். சிரித்துக்கொண்டே பேச வேண்டுமாம், சிரிப்பு குரலில் தெரியுமாம். பெண் குரல் என்றால் இன்னும் நல்லதாம்.

இதில் எதிலும் தப்பில்லை. தப்பு, அவர் தன் சொந்த மூளையைக் கசக்கிச் சேர்த்த கடைசி வரியில் இருந்தது. "கவலைப்படாதீர்கள், எங்கள் ஆள் கிளம்பிவிட்டார்."

கடுகு தாளைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள்.

"யாரு கிளம்பிட்டா?"

"அது ஒரு பேச்சுக்கு."

"ராத்திரி நீ குறட்டை விட்டுத் தூங்குவ. ஸ்பானர் அண்ணனும் வீட்டுக்குப் போயிடுவாரு. யாருண்ணே கிளம்புவா? இந்த மெஷினா எழுந்து நடந்து போகும்?"

"லிப்ட்ல மாட்டினவன் பதறிப்போய் இருப்பான். ஒரு நம்பிக்கை கொடுக்கணும். இல்லன்னா அடுத்த கம்பெனிக்குப் போன் போட்டுடுவான்."

"போட்டா போடட்டுமே! அவன் வெளிய வந்தா போதாதா?"

அரை மணி நேரம் சண்டை. கடைசியில் அவள்தான் இறங்கி வந்தாள். சம்பளம் கொடுப்பவன் அண்ணன், என்ன செய்வாள்? பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். பதிந்ததைப் போட்டுக் கேட்டால், சொன்னால் நம்பமாட்டீர்கள், அவ்வளவு இனிமையான குரல். சிரித்த முகத்தோடு ஒரு பெண் கதவைத் திறப்பது போல இருந்தது.

அது சனிக்கிழமை. முதல் தகவல் வந்தது திங்கட்கிழமை.

கடுகு ஒன்பது மணிக்கு ஆபீஸைத் திறந்தாள். மெஷினில் ஒரு தகவல் என்று காட்டியது. பதிவான நேரம் காலை 6.40. பொத்தானை அழுத்தினாள். முதலில் மூச்சுச் சத்தம். பிறகு ஒரு பெண் குரல். நடுத்தர வயது இருக்கும். ரொம்ப மரியாதையாகப் பேசினாள்.

"லிப்ட் நடுவுல நின்னுடுச்சுங்க. ஆள் கிளம்பிட்டாருன்னு சொன்னீங்க, ரொம்ப நன்றிங்க. நான் காத்திருக்கேன்."

எந்தக் கட்டடம் என்று சொல்லவில்லை. அழைத்த எண் மெஷினில் இருந்தது. கடுகு திரும்ப அழைத்தாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று பதில் வந்தது. தப்பாக அடித்துவிட்டோமோ என்று மறுபடி அடித்தாள். அதே பதில். எங்கள் வாடிக்கையாளர் யாருக்கும் அந்த எண் இல்லை. வேலையிலிருந்த அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"வேற யாராவது வந்து திறந்துவிட்டிருப்பாங்க. நீ ஏன் அலட்டிக்கற?" என்றார் மகாராஜா.

செவ்வாய்க்கிழமை இன்னொரு தகவல். அதே எண், அதே குரல். நேரம் 7.05.

"ஏங்க, இன்னும் யாரும் வரலையே. கிளம்பிட்டாருன்னுதானே சொன்னீங்க? வழியில இருக்காரா? கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லுங்க. இங்க காத்து இல்ல."

கடுகுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. ஒரு பொம்பளை ஏதோ ஒரு கட்டடத்தில் தினமும் மாட்டிக்கொள்கிறாள், இவள் குரலைக் கேட்டு நம்பி உட்கார்ந்திருக்கிறாள். தண்ணீர் பிடிக்கக் கீழே இறங்கியவள், சலவைக் கடைக்காரம்மாவிடம் பேச்சுவாக்கில் சொன்னாள், காலையில் எங்கள் போன் அடித்ததாம், யாரோ பாவம் என்று.

அந்த அம்மா துணியை உதறுவதை நிறுத்தினாள். "உங்க போனா? நான் அஞ்சு மணிக்கே கடையைத் திறந்துடறேன். மேல உங்க போன் அடிச்சா என் மண்டைக்குள்ள அடிக்கிற மாதிரி கேக்கும். நேத்தும் அடிக்கல, இன்னிக்கும் அடிக்கல."

"மெஷின்ல பதிவாகி இருக்கேக்கா."

"அடிக்கலன்னா அடிக்கல. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

கடுகு அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சலவை மெஷின் ஓடும்போது கேட்டிருக்காது என்று விட்டுவிட்டாள். அன்று சாயங்காலம் அண்ணனிடம் மறுபடி சண்டை. அந்த வரியை எடு என்றாள். எடுக்கமாட்டேன் என்றார். எவனோ போட்டிக் கம்பெனிக்காரன் ஆள் வைத்து விளையாடுகிறான் என்றார். உன்னோடு போட்டி போட எவன் இருக்கிறான் என்று நான்கூட நடுவில் புகுந்து கேட்டேன். கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

புதன்கிழமை. நேரம் 7.30.

கடுகு பொத்தானை அழுத்தினாள். இந்த முறை மரியாதை எல்லாம் போயிருந்தது.

"யாரு நீ? சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறியே, யாரு நீ? எத்தனை தடவை கூப்பிடுறது? எப்போ கூப்பிட்டாலும் கிளம்பிட்டாரு, கிளம்பிட்டாரு... எங்கடி கிளம்பினான்? மனுஷங்களை என்னன்னு நினைச்சே? மூச்சு முட்டுது எனக்கு..."

பிறகு ஒரு சத்தம். இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம்.

க்ரீச்... க்ரீச்...

ஸ்பானர் அண்ணன் அப்போதுதான் பையை எடுக்க உள்ளே வந்தார். சத்தம் கேட்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அதை இன்னொரு தடவை போடும்மா."

போட்டாள். அவர் மெஷினுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டார். முகம் மாறிவிட்டது.

"இது மடக்குக் கதவு. அந்தக் காலத்து லிப்ட்ல கம்பிக் கதவு இருக்கும் பாரு, கையால இழுத்து மடக்குறது. அதை உள்ள இருந்து இழுக்குறாங்க." குரல் உயர்ந்தது. "ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கும்போது அதை இழுக்கக் கூடாது. எக்கி வெளிய வரப் பார்த்தாங்கன்னா, காலுக்குக் கீழ லிப்டுக்கும் சுவருக்கும் நடுவுல இடைவெளி. உள்ள விழுந்தா நேரா குழியோட அடிக்குத்தான். யாராவது சொல்லும்மா அவங்களுக்கு, கதவைத் தொடாதீங்கன்னு!"

"யாருக்குன்னு சொல்றது? நம்பரே இல்லைங்குது!"

"மடக்குக் கதவு லிப்ட் இப்போ எங்க இருக்கு? நான் பார்த்தது ஒரே ஒரு கட்டடத்துலதான். ரயிலடிக்குப் பின்னால, பழைய ஆபீஸ் கட்டடம். ஆனா அது நம்ம வேலை இல்லையே. வருஷக்கணக்கா அந்தப் பக்கம் போனதுமில்ல."

அன்றைக்கே போயிருக்கலாம். ஸ்பானர் அண்ணன் கிளம்பவும் தயாராக இருந்தார். அதற்குள் என் வீட்டுக்காரர் போன் செய்து, பணம் கொடுக்கிற வாடிக்கையாளரின் லிப்ட் பழுதாகி நிற்கிறது, நேரே அங்கே வா என்று அவரை இழுத்துக்கொண்டார். என்ன மனுஷனோ.

கடுகு தனியாக உட்கார்ந்து மூன்று தகவல்களையும் மறுபடி மறுபடி கேட்டாள். மரியாதை. சந்தேகம். கோபம். நேரங்களைப் பார்த்தாள். 6.40. 7.05. 7.30.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மூன்று நாள் மூன்று முறை மாட்டிக்கொண்டவள் பேசுகிற பேச்சு இல்லை அது. ஒரே காலை. ஒரே பெண், ஒரே லிப்டில், ஒரே காலையில் திரும்பத் திரும்ப அழைத்திருக்கிறாள். அந்தக் காலை இவர்களுக்கு நாளுக்கு ஒரு துண்டாக வந்து சேருகிறது...

எந்தக் காலை?

அண்ணனைக் கேட்கவில்லை. அனுமதி வாங்கவில்லை. மெஷினை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு பழைய பேச்சை அழித்தாள். புதிதாகப் பதிந்தாள். இந்த முறை சிரிக்கவில்லை.

"இப்போது யாரும் கிளம்பவில்லை. யாருக்காகவும் காத்திருக்காதீர்கள். உடனே தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள். தயவுசெய்து லிப்ட் கதவைத் தொடாதீர்கள்."

தன் கைபேசியிலிருந்து அழைத்துச் சோதித்தாள். சரியாக வந்தது. பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தவள் ஏனோ இன்னொரு தடவை அழைத்துப் பார்த்தாள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கும் கேட்டது.

"...கவலைப்படாதீர்கள், எங்கள் ஆள் கிளம்பிவிட்டார்."

சிரித்த குரல்.

அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அண்ணன் சட்டையைப் பிடிக்காத குறைதான். "நீ ஆபீஸுக்குப் போனியா? மாத்தினியா? உண்மையைச் சொல்லு!"

"சத்தியமா நான் தொடலடி. சாவியே உன்கிட்டதானே இருக்கு!"

சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது.

வியாழக்கிழமை. விடிந்தும் விடியாமலும் கிளம்பிவிட்டாள். நானும் வருகிறேன் என்றேன். "அண்ணி, நீங்க சும்மா இருங்க, அவ கோபப்படுறது என் மேல," என்றாள். ஆபீஸ் கதவை அகலத் திறந்து வைத்தாள். வெளிச்சம் நன்றாகவே வந்தது. கீழே சலவை மெஷின் சுற்றியது. சாலையில் பள்ளிப் பிள்ளைகள் போகிற சத்தம். பயப்பட ஒன்றுமே இல்லாத காலை.

மெஷினின் மின்சார ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். இனிமேல் பதிவுக் குரல் பேச வழியில்லை. மணி அடித்தால் தானே எடுத்துப் பேசிவிடலாம் என்று போனுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

7.45.

7.50.

கீழே சலவை மெஷின் நின்றது. அதை யாரும் நிறுத்தவில்லை என்று அந்த அம்மா பிறகு சொன்னாள். தானாக நின்றதாம்.

7.55.

மணி அடிக்கவில்லை.

ஆனால், ஏதோ ஒன்று அவளுக்குத் தோன்றியது. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் தெரியாது என்கிறாள். அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

உள்ளே மூச்சுச் சத்தம்.

"அம்மா!" என்று கத்தினாள். "அம்மா, கேக்குதா? யாரும் வரல! யாரும் கிளம்பல! கதவைத் தொடாதீங்க!"

பதில் வந்தது.

அந்தப் பெண்ணிடமிருந்து இல்லை.

இவளுடைய குரலே. போனுக்குள்ளிருந்து. இனிமையாக. சிரித்துக்கொண்டு.

"...எங்கள் ஆள் கிளம்பிவிட்டார்."

ஒயர் தரையில் கிடந்தது. மெஷினில் விளக்கு இல்லை.

பீப்.

"பொய்," என்றாள் அந்தப் பெண். மெதுவாக. "பொய்... பொய்தானே? கல்நெஞ்சுக்காரி. நீயும் வேண்டாம், உன் ஆளும் வேண்டாம். நானே இறங்கிக்கறேன்."

"வேண்டாம்மா! நான் சொல்றதைக் கேளுங்க! நான் இங்கதான் இருக்கேன்!"

க்ரீச்...

"தொடாதீங்க!"

க்ரீச்...

தொண்டை கிழியக் கத்தினாள். அந்தப் பக்கம் ஒரு சொல்கூடப் போய்ச் சேரவில்லை.

ஒரு சின்ன சத்தம். செருப்பு வழுக்குகிற மாதிரி.

பிறகு...

ஒன்றுமில்லை.

ஸ்பானர் அண்ணன் எட்டரைக்கு வந்தபோது அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். பேச முயன்றாள், தொண்டை அடைத்துவிட்டிருந்தது. காற்றுதான் வந்தது. அவர் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ரயிலடிக்குப் பின்னால் இருக்கிற அந்தப் பழைய கட்டடத்துக்கே போய்விட்டார். போனில் முதலாளி கூப்பிட்டதற்கு, "இன்னிக்கு நான் லீவு," என்று கட் செய்தாராம். புண்ணியவான், புதன்கிழமையே அதைச் செய்திருக்கக் கூடாதா?

மூன்று மாடிக் கட்டடம். உள்ளே நுழைந்ததும் படிக்கட்டு. பக்கத்தில் லிப்ட் இருந்திருக்க வேண்டிய இடம். அங்கே சுவர்தான் இருந்தது. செங்கல் வைத்து அடைத்து, பூசி, வண்ணமும் அடித்திருந்தார்கள். வண்ணமே பழசாகி உரிய ஆரம்பித்திருந்தது.

படிக்கட்டுக்குக் கீழே இருந்த கொஞ்ச இடத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. இருபத்திரண்டு வயது இருக்கும், ஒரு பெண் மட்டும் இருந்தாள். ஸ்பானர் அண்ணன் போய் விசாரித்தார்.

"இங்க லிப்ட் இருந்துச்சே, எடுத்துட்டாங்களாம்மா?"

அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "எடுத்து பன்னிரண்டு வருஷம் ஆச்சு. ஏன்?"

"லிப்ட் மெக்கானிக் நான். சும்மா கேட்டேன்."

மெக்கானிக் என்ற வார்த்தைதான் அவளை நிமிர்த்தியது. பார்வையிலேயே சுட்டாள். "லிப்ட்காரங்களா? உங்களுக்கெல்லாம் வெக்கமே கிடையாதா? எங்க அம்மா செத்தது இதுலதான்."

அவளிடமிருந்து விஷயம் கொட்டியது. கேட்க ஆள் கிடைக்காமல் பல வருடம் அடக்கி வைத்திருந்தாள் போலிருக்கிறது. அம்மா இங்கே கூட்டித் துடைக்கிற வேலை. ஆபீஸ்கள் திறப்பதற்கு முன்னால் வந்துவிடுவாள். அன்று சனிக்கிழமை, ஆபீஸ்களுக்கு விடுமுறை, கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. லிப்ட் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே சுவரில் ஒரு போன் உண்டு, பக்கத்தில் ஒட்டியிருந்த லிப்ட் கம்பெனி எண்ணுக்கு அம்மா அடித்திருக்கிறாள். கையில் செல்போனும் இருந்தது. அதில் வீட்டிலிருந்த மகளைக் கூப்பிட்டாள்.

"எனக்கு அப்போ பத்து வயசு. நான் பயந்து அழுதேன். அழாதடின்னு சொல்லி, சுவர்ல இருந்த போனையும் செல்போனையும் ஒண்ணா ஒட்டிப் பிடிச்சாங்க. நீயே கேளு, ஆள் கிளம்பிட்டாங்களாம்னு. ஒரு பொண்ணு பேசுச்சு. என் காதால கேட்டேன். அம்மாவுக்கு நிம்மதியாயிடுச்சு. நீ ஸ்கூலுக்குப் போ, நான் வந்துடறேன்னாங்க."

ஸ்பானர் அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பெண் நிறுத்தவில்லை.

"அப்புறம் செல்லுல சார்ஜ் போயிடுச்சு போல. அன்னிக்கு அரை நாள்தான் ஸ்கூல். மதியம் விட்டதும் நான் இங்க ஓடி வந்தேன். கதவை இழுத்துத் திறந்து இறங்கப் பார்த்திருக்காங்க. அடியில கிடந்தாங்க. கட்டட ஓனர் எங்க வாயை அடைக்க இந்தப் பொந்தைக் கொடுத்தாரு. அந்த லிப்ட் கம்பெனிக்காரன் என்ன பண்ணான் தெரியுமா? போலீஸ்ல போய், எங்க ஆபீஸ் அன்னிக்குக் காலையில பூட்டித்தான் இருந்துச்சு, போன் அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சிருக்கும், எங்ககிட்ட பதில் பேசுற மெஷினும் கிடையாது, அப்படி ஒரு பொண்ணும் கிடையாதுன்னான். சோதனை போட்டாங்க. மெஷின் இல்லைதான். சின்னப் பொண்ணு பயத்துல உளறுறான்னு என்னைத்தான் சொன்னாங்க."

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் என் நாத்தனார் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் கம்பெனியே கிடையாது. எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை.

கடுகு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதுவரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஸ்பானர் அண்ணன், ஏதாவது உதவி வேண்டுமானால் கூப்பிடும்மா என்று சொல்லி, பழக்கதோஷத்தில் சட்டைப் பையிலிருந்து எங்கள் விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டிவிட்டார்.

அந்தப் பெண் வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இந்த நம்பர்... லிப்டுக்குள்ள ஒட்டியிருந்த நம்பராச்சே..."

எங்களுக்கு அந்த எண் எப்படி வந்தது என்று நான் பிறகுதான் கேட்டேன். இழுத்து மூடிய ஏதோ ஒரு லிப்ட் கம்பெனியின் எண்ணாம். ஞாபகம் வைக்கச் சுலபமாக இருக்கிறதே என்று என் வீட்டுக்காரர் ஓடிப்போய் வாங்கியிருக்கிறார்.

அந்தப் பெண் கைபேசியை எடுத்தாள். எண்ணை அடித்தாள். ஸ்பீக்கரில் போட்டு, ஜெராக்ஸ் மெஷின் மேல் வைத்தாள்.

ஆபீஸில் யாரும் இல்லை. வாய்ஸ்மெயில் மெஷினின் ஒயர் தரையில் கிடந்தது.

மணி அடித்தது.

மறுபடி அடித்தது.

'டக்.'

"...கவலைப்படாதீர்கள், எங்கள் ஆள் கிளம்பிவிட்டார்."

அந்தப் பெண் கத்தவில்லை. அழவில்லை. கைபேசியை அணைத்தாள். ஸ்பானர் அண்ணனைத் தாண்டி, சுவரோரம் நின்ற என் நாத்தனாரைப் பார்த்தாள்.

"நீங்க வந்ததுலேர்ந்து ஒண்ணுமே பேசலையே," என்றாள். "ஒரு வார்த்தை பேசுங்க."

ஓடியிருக்கலாம். ஊமை மாதிரி நின்றிருக்கலாம். கடுகு அப்படிப்பட்டவள் இல்லை. தொண்டையைச் செருமினாள். கிழிந்து போயிருந்தாலும் குரல் வந்தது.

"நான்தான்."

அடிப்பாள் என்று நினைத்தாளாம். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றாளாம். அந்தப் பெண் அடிக்கவில்லை. ஆத்திரத்தில் உதடு துடிக்க, பத்து வயதுப் பிள்ளை கேட்பது போலக் கேட்டாள்.

"யாரும் வரலன்னு உண்மையைச் சொல்லியிருந்தா நான் ஸ்கூலுக்குப் போயிருக்க மாட்டேனே. ரெண்டு தெரு தள்ளித்தான் எங்க வீடு. நானே ஓடி வந்து, நாலு பேரைக் கூட்டிட்டு வந்திருப்பேனே..."